சுவரில் ஒட்டிய காசு

இன்னாசியம்மாள் செய்த குற்றம் காசைத் துலக்கியதுதான். சுவர் பூசுவது அவள் பிழைப்பு. சின்னமனூர்க் கண்மாயில் அதற்கு மண் வெட்டியபோது, ராசா முகம் போட்ட கறுத்த வெள்ளிக்காசு ஒன்று கிடைத்தது. மண்ணில் கிடைத்தது சர்க்காருக்குத்தானே; அது அழுக்காகவா போகும்? புளியும் செங்கல்பொடியும் போட்டுப் பளபளவென்று தேய்த்துச் சாவடியில் கொடுத்தாள்.

“பழங்காசு இப்படியா மின்னும்? அசலை ஒளிச்சு வச்சுட்டுத் தட்டான்கிட்டப் புதுசு அடிச்சுக் கொண்டாந்திருக்கா,” என்றார் தாசில்தார். காசைப் படம்பிடித்துச் சென்னைக்கு அனுப்பி, விவரம் தெரிந்த துரையைக் கேட்பதாக முடிவு. அவர் போலி என்றால் இவளுக்கு ஜெயில். மூன்று நாளாகக் கஞ்சி தொண்டைக்குள் இறங்கவில்லை.

படம்பிடிக்க மதுரையிலிருந்து வந்த பொன்னுராஜ், சாவடி முற்றத்தில் காசைப் படுக்க வைத்து இரண்டு கண்ணாடித் தகடுகளில் பிடித்தான். கழுவிப் பார்த்தால் இரண்டிலும் வெறும் வட்டம், முகத்தைக் காணோம்.

“சாஞ்ச வெயில் விழுந்தாத்தான்க்கா மேடுபள்ளம் தெரியும். இருக்கிறது ஒரே தகடு. தாசில்தாரு இப்பவே கிளம்பணுங்குறாக.”

உச்சிவெயில் சாவடிச் சுவரை உரசிக்கொண்டு இறங்கியது. போன மாதம் அவள் பூசிய சுவர். விரல்தடம் ஒவ்வொன்றும் எடுப்பாகத் தெரிந்தது.

“தம்பி, வெயில் சாயாட்டி என்ன, காசை நிமித்துவோம்! இங்கன ஒட்டுறேன்.”

ஈரமண்ணை அப்பிக் காசைப் பதித்தாள். ஒருமுறை கழன்று கீழே விழுந்தது; எடுத்து மறுபடி அழுத்தினாள். தாசில்தார் வண்டியில் ஏறியே விட்டார்.

பொன்னுராஜ் கடைசித் தகட்டில் படம்பிடித்து, அதைக் கழுவச் சாவடிக்குள் இருட்டாக்கி வைத்திருந்த அறைக்குள் போனான். மாதாவைக் கூப்பிட்டபடி அவள் வாசலிலேயே நின்றாள்.

“முகம் வந்துருச்சுக்கா!” என்று வெளியே வந்தவன் முகம் சுருங்கியது. “ஆனா பூராக் கீறலா இருக்கே.”

“ஐயோ, நாந்தேன் செங்கல்பொடி போட்டுத் தேய்ச்சேன்!”

தாசில்தார் இறங்கிவந்து தகட்டை வாங்கினார். காசைக் கையில் வைத்து ஒருதரம் உற்றுப் பார்க்காத மனுஷன், கண்ணாடியை அப்படிப் பார்த்தார். ராசாவின் மூக்கு எத்தனையோ கை மாறித் தேய்ந்து மழுங்கியிருந்தது. அந்த மழுங்கலுக்கு மேலேதான் கீறல்கள் ஓடின. புதிதாக அடித்த காசில் மூக்கு இப்படித் தேயுமா?

“எம்புட்டு நேரம் தேய்ச்ச?”

“உலை கொதிக்கிற நேரம் சாமி.”

“பழசுதான். தேய்ச்சுக் கெடுத்தது இவதான்னு துரைக்கு நானே எழுதுறேன்,” என்று முறைத்துவிட்டு வண்டியேறினார்.

இன்னாசியம்மாளுக்கு அப்போதுதான் பசித்தது.