மயக்க மருந்து தரப்படவில்லை

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெருங்குடலில். (சிரித்துக்கொள்ளுங்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.)

கதையைக் கொடுத்தது என் அண்ணி. ஆஸ்பத்திரிகள் அனுப்பும் எண்டோஸ்கோப்பி அறிக்கைகளைப் படித்து, டாக்டர் செய்ததையெல்லாம் குறியீட்டு எண்களாக மாற்றி பில்லுக்கு அனுப்புவது அவள் வேலை. கேமரா வைத்த குழாய் எதுவரை போனது, வழியில் எதையாவது வெட்டினார்களா, சோதனைக்குச் சதை எடுத்தார்களா, மயக்க மருந்து கொடுத்தார்களா. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எண் தப்பினால் காப்பீட்டுக் கம்பெனி பில்லைத் திருப்பி அனுப்பிவிடும். நோயாளியின் பெயர் திரையில் வராது. வயதும், ஆணா பெண்ணா என்பதும் மட்டும் வரும்.

போன வாரம் அவள் என்னைத் தன் ஆபீஸ் வாசலுக்கு வரச்சொல்லி, காரில் உட்காரவைத்து, என் அண்ணனைப் பற்றி ஒரு விஷயம் சொன்னாள். அதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுத மட்டும் முடிகிறது. அது ஏன் என்று கேட்காதீர்கள். பிறகு நானே சொல்கிறேன்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

"கருமேகம் சூழ்ந்த அந்த மாலையில் அவள் உள்ளம் –"

அடித்துவிட்டேன். அன்று வெயில் மண்டையைப் பிளந்தது.

"நாற்பத்தாறு வயது ஆண். பெருங்குடல் பரிசோதனை. இடப்பக்க வளைவில் –"

இது டாக்டரின் நடை. இதையே நான் எழுதினால் எனக்கு எதற்குக் கதைக்காரி என்று பெயர்? (அண்ணி வைத்த பட்டப்பெயர். நான் வேலைக்குப் போகாததைச் சுற்றிவளைத்துச் சொல்வதற்காக வைத்தது.)

மூன்றாவது வாக்கியம்: "அண்ணி அன்று சண்டையில் ஜெயித்தாள்." இது இருக்கட்டும்.

3

அண்ணி அன்று சண்டையில் ஜெயித்தாள். எதிராளி, அவள் ஆபீஸில் 'கத்திரி' என்று எல்லோரும் அழைக்கும் தணிக்கைக்காரர். மற்றவர்கள் போட்ட எண்களில் குற்றம் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவர்.

"முழுப் பரிசோதனைன்னு டாக்டர் தலைப்பு போட்டிருக்கார்ல? அந்த எண்ணைப் போட்டுட்டுப் போங்கம்மா."

"தலைப்பை விடுங்க சார், உள்ள படிங்க. குழாய் வளைவைத் தாண்டவே இல்ல. கட்டி வழிய அடைச்சிருக்கு. கொஞ்சம் சதையை எடுத்துட்டுத் திரும்பிட்டாங்க. இது சின்னப் பரிசோதனை எண்தான்."

"மயக்க மருந்து?"

"தரப்படவில்லைன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. அதுக்கும் சேர்த்து எண் போட்டு வச்சிருக்காங்க. பில் இப்படியே போயிருந்தா நம்ம மானம் போயிருக்கும்."

மேனேஜர் அந்த அறிக்கையைப் பெரிய திரையில் போட்டு, எல்லோருக்கும் விளக்கச் சொன்னார். அண்ணி குச்சியை வைத்துக்கொண்டு வரிவரியாகக் காட்டினாள். 'தரப்படவில்லை' வந்ததும் திரையில் ஒரு தட்டுத் தட்டினாளாம். கை தட்டினார்கள். வீட்டுக்கு வரும்போது தன் பெண்கள் இருவருக்கும் ஐஸ்கிரீம் வாங்கி வந்தாள்.

* இங்கே ஓர் அடிக்குறிப்பு. அந்த வரி முழுதாக இப்படி இருந்தது: "மயக்க மருந்து தரப்படவில்லை, மகள்களை நீச்சல் வகுப்பிலிருந்து தானே காரில் அழைத்துவர வேண்டும் என்று நோயாளி மறுத்துவிட்டார்." காற்புள்ளிக்குப் பிறகு வருவது காரணம். காரணத்துக்கு எண் கிடையாது. எண் இல்லாததில் அந்த வேலை பார்ப்பவர்களின் கண் நிற்காது.

4

அந்த ஐஸ்கிரீமைத் தின்றுகொண்டுதான் சின்னவள் சொன்னாள்.

"அம்மா, இனிமே நீச்சலுக்கு நீயே வா. அன்னைக்கு அப்பா வந்து, ஸ்டியரிங்ல தலைய வச்சுப் படுத்துக்கிட்டார். எழுப்பினா, 'ஒரு நிமிஷம்டா'ன்னு வயித்தப் பிடிச்சுக்கிட்டே இருந்தார்."

"என்னைக்குடி?"

"அப்பாவுக்கு வயிறு சரியில்லாமப் போச்சே, அதுக்கு மறுநாள்."

அண்ணிக்கு நினைவு வந்தது. அதற்கு முந்தின நாள் அண்ணன் எதுவும் சாப்பிடாமல், ஏதோ மருந்துத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக அலைந்திருக்கிறான். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றானாம். "கண்ட இடத்துல தின்னா இப்படித்தான்" என்று இவள் கேலி செய்திருக்கிறாள். யார்? 'குடல் நன்கு சுத்தமாகியிருந்தது' என்ற வரியைத் தினமும் படிக்கிறவள்.

"அப்பதான் அந்த வரி முழுசா என் கண்ணு முன்னால வந்துச்சு," என்றாள் அண்ணி காருக்குள். "கண்ணு படிச்சிருக்குடி. நான்தான் படிக்கல. என் புருஷன் வயித்துல இருக்கிற கட்டிய, நான் குச்சிய வச்சுக் காட்டி எல்லாருக்கும் பாடம் எடுத்திருக்கேன்."

மறுநாள் அந்த அறிக்கையைத் திரும்பத் திறந்து பார்த்திருக்கிறாள். திறக்கக் கூடாது, தெரிந்தால் வேலை போய்விடும். வயது, தேதி, மகள்களின் நீச்சல் வகுப்பு, எல்லாம் பொருந்தியது. கடைசி வரியில், அதற்கும் எண் கிடையாது, டாக்டர் எழுதியிருந்தார்: "அறுவைசிகிச்சை நிபுணரை உடனே பார்க்க வலியுறுத்தப்பட்டது."

உடனே. அண்ணன் தினமும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறான். தான் போன ஆஸ்பத்திரியின் அறிக்கைகள் பெண்டாட்டியின் ஆபீஸுக்குத்தான் வருகின்றன என்பது அவனுக்குத் தெரியாது.

5

இந்த இடத்தில் எனக்கு அண்ணி மீது சந்தேகம் வந்தது. கதாபாத்திரமாக அவள் நிற்கவில்லை. கட்டின புருஷனை அடையாளம் தெரியாமலா ஒருத்தி இருப்பாள்? வாசகர்கள் காறித் துப்பமாட்டார்களா? அவளை இன்னும் கொஞ்சம் –

அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

காருக்குள் அவள் அழுதுகொண்டே இதைச் சொன்னபோது, எனக்குள் முதலில் எழுந்தது 'ஐயோ அண்ணா' இல்லை. 'என்ன ஒரு கதை!' என்பதுதான். ஸ்டியரிங்கில் தலை வைத்துப் படுத்த இடத்தை மூன்றாம் பகுதியில் வைப்பதா நான்காம் பகுதியில் வைப்பதா என்று யோசித்தேன். சைக்கிளில் என்னை உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்கு மிதித்துக்கொண்டு போனவனின் வயிற்றில் கட்டி. எனக்கு வேண்டியது வரிசை எண்! அண்ணியாவது தெரியாமல் செய்தாள். எனக்குத் தெரியும், அது அவன்தான் என்று. என்ன பிறவி நான்?

6

முடிவுகள்.

(அ) எடுத்த சதையில் ஒன்றுமில்லை, சாதாரணக் கட்டி என்று வருகிறது. எல்லோரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். [எழுத ஆசை. ஆனால் பயந்து எழுதுகிறேன் என்பது எனக்கே தெரிகிறது.]

(ஆ) அண்ணி நேரே கேட்டுவிடுகிறாள். [கேட்டுப் பார் என்றேன். "எப்படித் தெரியும்னு கேப்பார். உங்களை வச்சுக் கைதட்டல் வாங்கினேன்னு சொல்லவா? அதுவும் போகட்டும். அவரா வந்து எங்கிட்ட சொல்லணும்டி. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவகிட்ட சொல்ல மாட்டாரா?"]

(இ) அண்ணன் யாரிடமும் சொல்லாமலே –

இல்லை. இதை எழுதமாட்டேன். பேனாவை உடைத்தாலும் உடைப்பேன்.

காரை விட்டு இறங்கும்போது அண்ணி கேட்டது இதுதான்: "நீ எழுதினா அவர் படிப்பார்ல?"

7

படிப்பான். நான் எழுதும் எதையும் முதலில் படிப்பது அவன்தான். ஒற்றெழுத்து விட்டிருந்தால் சிவப்பு மையில் சுழித்து, ஓரத்தில் 'கழுதை' என்று எழுதித் திருப்பித் தருவான்.

ஆகவே மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இத்தனை நேரம் உங்களிடம் பேசியதெல்லாம் பாவனைதான். நீங்கள் இங்கேயே எழுந்து போய்விடலாம்.

அண்ணா, பிழை திருத்த இதில் நிறைய இருக்கும். இன்று திருத்தாதே. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் நீச்சலுக்குப் போகிறேன், வர நேரமாகும். வீட்டில் நீயும் அண்ணியும்தான். நீ இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய் என்பது அவளுக்குத் தெரியும். உள்ளே துணி மடித்துக்கொண்டிருக்கிறாள், மடித்ததையே திரும்ப மடித்துக்கொண்டிருப்பாள்.

காகிதத்தைக் கீழே வை. எழுந்து போய் அவளிடம் சொல்லு.