வெர்ஜிலின் சாவுக்குச் செய்து வைத்த ஹாட்டிஷ்

1

இந்தக் கதையை ஒரு துக்க வீட்டு ஃப்ரீசரிலிருந்து எடுத்தேன். யாரும் கொடுக்கவில்லை. ஐஸ்கட்டி எடுக்கப் போனபோது கண்ணில் பட்டது. மினசோட்டாவின் இந்தச் சின்ன ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து என் தலையும் நரைத்தாயிற்று. பனிக்காலத்தில் எழுத உட்கார்ந்தால் விரலுக்கு முன்னால் மனசு மரத்துப்போகிறது. முதல் வரியை இப்படித்தான் வைத்தேன்:

'வெளியே வெண்பனி மெல்ல மெல்ல...'

அட, வேண்டாம். ஒருநாளாவது அதை வாரித் தள்ளியவள் அப்படி எழுதமாட்டாள். இன்னொன்று:

'ஆர்விட்டுக்குச் சாப்பாடு அலுத்துவிட்டது.'

இது போதும். எனக்கும் இதற்குமேல் தெம்பில்லை.

2

ஆர்விட்டின் மனைவி மார்லிஸ் ஜனவரியில் தூக்கத்திலேயே போய்விட்டார். அன்றிலிருந்து தேவாலயத்துப் பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் ஹாட்டிஷ் கொண்டுவந்தார்கள். அடியில் கொத்துக்கறி, நடுவில் காளான் சூப், மேலே உருளைக்கிழங்கு உருண்டைகள், எல்லாம் ஒரே கண்ணாடித் தட்டில் ஓவனில் வேகும். ஆறுதல் வார்த்தை இங்கே யாருக்கும் வராது, அதற்குப் பதில் இதுதான். தட்டு திரும்பிப் போகவேண்டுமே என்று அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருப்பார்கள்.

ஆர்விட் சாப்பிட்டார், கழுவினார், திருப்பிக் கொடுத்தார். கடைசியில் ஃப்ரீசரில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அது மார்லிஸ் செய்தது.

அதற்கு முந்தின நவம்பரில் பக்கத்து வீட்டு வெர்ஜிலை டாக்டர்கள் கைவிட்டார்கள். "இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு ஜனவரி வரைக்கும் போகும். அந்தக் குளிர்ல யாரு கடைக்கு அலையறது?" என்று மார்லிஸ் அவருடைய இறுதிச் சடங்குக்கு முன்கூட்டியே ஒரு ஹாட்டிஷ் செய்து, மூடிய தாளின்மேல் 'வெர்ஜில் சாவுக்கு' என்று எழுதி உறைய வைத்தார். இதில் யாரும் தப்பு காணமாட்டார்கள். இந்த ஊரில் அது கெட்டிக்காரத்தனம்.

வெர்ஜில் பிழைத்துக்கொண்டார்.

மார்லிஸின் கையால் ஆனது இனி உலகத்தில் அது ஒன்றுதான். அது தீர்ந்தால் அவரும் தீர்ந்துபோவார் என்று ஆர்விட்டுக்குப் பயம். தொடவே இல்லை.

3

[வெர்ஜில் எனக்குப் பிடிபடவில்லை. சாவின் வாசல்வரை போய் வந்தவர் ஏதாவது பெரிதாகச் சொல்லுவார் என்று பேனாவோடு காத்திருந்தேன். டிராக்டர் பேட்டரியைப் பற்றிச் சொன்னார்.]

ஒருநாள் சாயங்காலம் அவர் ஆர்விட்டின் வாசல் பனியை, கேட்காமலே, தள்ளிவிட்டு உள்ளே வந்தார். காபியில் போட ஐஸ்கிரீம் தேடி ஃப்ரீசரைத் துழாவினார். கையில் வந்தது அந்தத் தட்டு. தன் பெயரைப் படித்தார்.

"எனக்கா?"

"நவம்பர்ல பண்ணா."

"கறியா, இல்ல மலிவா டியூனா மீனா?"

"கறி."

"மேல உருளைக்கிழங்கு?"

"ஆமா, ரெண்டு அடுக்கு."

வெர்ஜில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தட்டை மேஜைமேல் வைத்தார். "அப்போ மார்லிஸுக்கு என்மேல மரியாதை இருந்திருக்கு," என்றார்.

ஆர்விட்டுக்கு வேறு வழியில்லை. மரியாதைக்காகவாவது கேட்டாகவேண்டும். "சாப்பிடறியா?"

"வேணாம்ப்பா, உனக்கு எதுக்குச் சிரமம்."

"ஓவன் சும்மாதானே கெடக்கு."

"இல்ல, மத்தியானமே வயிறு முட்டச் சாப்பிட்டேன்."

சாப்பிடவில்லை. அவர் சாப்பாடு டப்பா சூப், அதுவும் பாதி. இந்த ஊரில் முதல் இரண்டு மறுப்புகள் வெறும் நாகரிகம். மூன்றாவது தடவை கேட்டால்தான் 'சரி' வரும். கேட்காவிட்டால் பசியோடு எழுந்து போவார்கள், வருத்தப்படவும் மாட்டார்கள்.

4

இங்கே மூன்று நாளாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆர்விட் மூன்றாவது தடவை கேட்கிறார் என்று எழுதினேன். இருவரும் வழித்துச் சாப்பிட்டார்கள். பிறகு ஆர்விட் தட்டைக் கழுவும் இடம் வந்தது. என்னால் கழுவ வைக்க முடியவில்லை.

கேட்கவில்லை என்று எழுதினேன். வசந்தத்தில் வெர்ஜில் செத்தார். ஆர்விட் தட்டைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோனார். மார்லிஸ் தாளில் எழுதியது எழுதியபடி நடந்தது. ஆனால் யாருக்காகச் செய்ததோ அவர் மட்டும் அதில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவதாக ஒரு முடிவு, ஆர்விட் அதை யாருக்கும் தெரியாமல்...

சீ, அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

5

களைத்துவிட்டேன். மிச்சம் உங்கள் பாடு.

வெர்ஜில் முழங்காலைத் தட்டி, "சரி, அப்போ..." என்று தொப்பியை எடுத்துவிட்டார். பயப்படாதீர்கள். இங்கே தொப்பியை எடுத்தவர் வாசலைத் தாண்ட அரைமணி ஆகும். கதவருகே நின்று வானிலை பேசுவார், பேட்டரியைப் பற்றி இன்னொருமுறை பேசுவார். மேஜைமேல் தட்டு இருக்கிறது. திரும்ப உள்ளே வைக்க ஆர்விட்டுக்கு மறந்துவிட்டது. தாளின்மேல் படிந்திருந்த உறைபனி உருகி, மார்லிஸின் எழுத்து ஈரமாகிறது.

ஆர்விட் வாய் திறக்கமாட்டேன் என்கிறார். அவருக்காக நீங்கள் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.