புதினாப் பாத்தியின் நத்தைகள்

எங்கள் ஆய்விதழின் அலுவலகம் இரண்டே அறைகள். ஒன்றில் முதன்மை ஆசிரியர் அம்மா இருப்பார். இன்னொன்றில் நானும், இருமிக்கொண்டே வேலை செய்யும் ஒரு அச்சுப்பொறியும், கூரை வரை பழைய இதழ்களும். பத்தொன்பது வருடமாக நான்தான் துணை ஆசிரியர். கட்டுரை எழுதுகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘காற்புள்ளி’. ஒரே ஒரு காற்புள்ளிக்காக நான் ஒரு கட்டுரையைத் திருப்பி அனுப்பியதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சுத்தப் பொய். மூன்று காற்புள்ளிகள்.

போன வருடம் ஒரு நாள் தபாலைப் பிரித்தால் என் தங்கை கணவரின் கட்டுரை. கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவர். பேராசிரியர் பதவி இரண்டு முறை அவரை உரசிக்கொண்டு வேறு யாருக்கோ போய்விட்டது. இந்த முறை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் ஏற இன்னும் ஒரே ஒரு கட்டுரை வெளிவந்தால் போதும். அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

கட்டுரையாளர் யார் என்பது மதிப்பீடு செய்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது. பெயரை நீக்கி அனுப்புவது என் வேலை. ஆகவே பெயர் தெரிந்த ஒரே ஆள் நான். முதல் பக்கத்தோடு மூடி, நேரே முதன்மை ஆசிரியரிடம் எடுத்துப் போனேன்.

“இது என் தங்கச்சி வீட்டுக்காரர் எழுதினது. நான் தொடமாட்டேன். நீங்களே பார்த்துக்குங்க.”

“எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க,” என்றார் அவர்.

போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை சொல்லி மாளாது. நான்கு மாதம் வீட்டிலும் அதைப்பற்றி மூச்சு விடவில்லை. மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். வாய் வரை வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டு, “மழை வருமாக்கா?” என்பார். “வரலாம்,” என்பேன். இவ்வளவு ஒழுக்கமான குடும்பம் வேறெங்கும் இருக்காது என்று நினைத்துக்கொள்வேன்.

மதிப்பீடு செய்த இருவரும் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். ஒருவர் ‘வியப்பூட்டும் முடிவு’ என்றே எழுதியிருந்தார். அச்சுக்கு முன் மெய்ப்புப் பார்க்கும் கட்டம் வந்ததும் முதன்மை ஆசிரியர் தாள்களை என் மேசையில் வைத்தார்.

“முடிவெல்லாம் எடுத்தாச்சு. இனிமே கமா மட்டும்தான் பாக்கி. அதை உங்களை விட்டா யாரு பார்ப்பா?”

சிவப்புப் பேனாவைத் திறந்தேன். ஆய்வு நடந்த இடம் என் வீட்டுக் கொல்லை. அது எனக்குத் தெரிந்ததுதான். தங்கை குடியிருப்பது நான்காவது மாடியில், அங்கே செம்பருத்திக்கே இடமில்லை. அதனால் மாப்பிள்ளை என் கொல்லையில் பக்கத்துப் பக்கத்தில் ஒரு கீரைப் பாத்தியும் ஒரு புதினாப் பாத்தியும் போட்டு, பதினாறு வாரம் தினமும் சாயங்காலம் வந்து நத்தைகளை எண்ணிக்கொண்டு போனார். ‘தண்ணி நான் ஊத்திக்கறேன், மருந்து மட்டும் தெளிச்சிடாதீங்க’ என்று சொல்லியிருந்தார். நான் ஒரு சொட்டுத் தெளிக்கவில்லை.

மூன்றாம் பக்கம் வந்தது. ‘கீரைப் பாத்தியிலிருந்து நத்தைகள் நாள்தோறும் புதினாப் பாத்திக்கு இடம்பெயர்ந்தன. நாளொன்றுக்குச் சராசரியாக இருபத்திரண்டு. புதினா நத்தைகளை ஈர்க்கிறது என்பதை இது காட்டுகிறது.’

பேனாவை மூடினேன்.

புதினா ஈர்க்கவில்லை. நான்தான் ஈர்த்தேன். தினமும் காலையில் ஆபீசுக்குக் கிளம்புமுன் கீரைப் பாத்தியில் குனிந்து, நத்தைகளைப் பொறுக்கி ஒரு குவளையில் போட்டு, பக்கத்துப் பாத்தியில் கொட்டிவிட்டுப் போவேன். ராத்திரியோடு ராத்திரியாக அவை கீரைக்கே திரும்பிவிடும், மறுநாள் காலையில் மறுபடி பொறுக்குவேன். இளங்கீரை கண்ணெதிரே சல்லடையாவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? ஒன்றைக்கூடக் கொல்லவில்லையே, எண்ணிக்கை அப்படியேதானே இருக்கும், மாப்பிள்ளைக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். பத்தொன்பது வருடம் ஆய்வுக் கட்டுரைகளோடு குப்பை கொட்டியவளின் மூளை இது.

நான் வாயைத் திறக்காவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, நத்தைகளும் சொல்லாது. கட்டுரை வெளிவரும், பதவி வரும், தங்கை சிரிப்பாள். திறந்தால் மூன்றாவது முறை பதவியை அவர் கையிலிருந்து தட்டிவிடுவது நானாக இருக்கும். மதியம் வரை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காற்புள்ளியும் கண்ணில் படவில்லை.

சாயங்காலம் நான்கு மாடி ஏறினேன். தங்கை வாயெல்லாம் பல்லாகக் கதவைத் திறந்தாள். மாப்பிள்ளையும் அதே மெய்ப்பைத்தான் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தார்.

“வாங்கக்கா! இப்பவாவது பேசலாமா? மூணாம் பக்கத்துல ஒரு கமா...”

“மாப்பிள்ளை, அந்த நத்தைங்களைத் தூக்கிப் போட்டது நான்.”

சொல்லி முடித்தபோது தங்கை முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“யாருக்குக்கா தெரியப் போவுது? உனக்கும் எனக்கும் இவருக்கும்தானே? பட்டியல் இந்த மாசக் கடைசியோட முடியுது. அப்புறமா சொல்லியிருக்கக் கூடாதா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். மாப்பிள்ளை மட்டும் மெய்ப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“தினமுமா?” என்றார்.

“ஞாயித்துக்கிழமை கிடையாது. லேட்டா எழுந்திருப்பேன்.”

அவர் அட்டவணையைப் புரட்டினார். விரலால் வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனார். பிறகு தோள் குலுங்கியது. அவரும் அழுகிறார் என்று பதறிப் போனேன். மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கிழமை மட்டும் ஒண்ணுகூட நகரலை! அதுக்கு என்ன காரணம்னு நான் ரெண்டு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன். நத்தைக்கு வாரம் உண்டுன்னு ஒரு பத்தியே எழுதி அப்புறம் அடிச்சேன்!”

“சிரிக்கற விஷயமா இது?” என்றாள் தங்கை.

“இதை அச்சுல விட்டா எவனாவது நம்பி, கீரையைச் சுத்திப் புதினா நட்டுட்டு நத்தையெல்லாம் அதுக்குப் போயிடும்னு காத்திருப்பான். அவன் கீரை பூரா போயிடும். அதுக்கு நான் பேராசிரியரா இருந்து என்ன பிரயோஜனம்?” என்றபடி ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதம். ஐந்தே வரி. எழுதி என்னிடம் நீட்டினார். ‘எதிர்பாராத ஒரு புறக் காரணத்தால் நத்தைகள் இடம் மாறியுள்ளதாகத் தெரிய வருகிறது’ என்று இருந்தது. பதவி கைவிட்டுப் போகிற நேரத்திலும் அந்த மனுஷனுக்கு என்னை மறைக்கத் தோன்றியிருக்கிறது.

அந்தக் கடிதத்தை முதன்மை ஆசிரியர் படிப்பார். மதிப்பீடு செய்த இருவருக்கும் நகல் போகும். என் பேனாவுக்குப் பயந்த ஆட்கள். ஆனாலும் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். ‘எதிர்பாராத ஒரு புறக் காரணத்தால்’ என்பதை அடித்துவிட்டு, மேலே ‘இவ்விதழின் துணை ஆசிரியர் தினமும் கையால் எடுத்துப் போட்டதால்’ என்று எழுதினேன்.

“இந்தத் திருத்தத்தை நான் ஏத்துக்க மாட்டேன்கா.”

“ஏத்துக்கலைன்னா கடிதத்தைத் திருப்பி அனுப்புவேன். என்னைப் பத்தித் தெரியுமில்ல?”

ஏற்றுக்கொண்டார். மாதக் கடைசியில் பட்டியல் அவர் பெயர் இல்லாமலே வந்தது. முதன்மை ஆசிரியர் கடிதத்தைப் படித்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தது எனக்குக் கேட்டது. மதிப்பீட்டாளர்களில் ஒருவர், நத்தைகள் நலமா என்று இரண்டு வரி எழுதிக் கேட்டிருந்தார். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தங்கை பதினொரு நாள் போன் பண்ணாததைத்தான் தாங்க முடியவில்லை.

பன்னிரண்டாவது நாள் இருவரும் மண்வெட்டியோடு வந்தார்கள். தங்கை என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினாள்.

“கொல்லைச் சாவியைக் குடு. இன்னும் பதினாறு வாரத்துக்கு உனக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை.”

கொடுத்தேன். வாங்கும்போது என் விரலை ஒரு தரம் அழுத்திவிட்டுத்தான் போனாள்.

இது ஏழாவது வாரம். தினமும் காலையில் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். கீரைப் பாத்தியில் நத்தைகள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து தின்கின்றன. புதினாவை ஒன்றுகூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கை துறுதுறுக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். பத்தொன்பது வருட உத்தியோகத்தில் ஒரு ஆய்வுக்கு நான் செய்கிற பெரிய உதவி இதுதான்.