விலாசம் தவறிய கடிதங்கள்

ஆயுளில் ஒருநாளும் டை கட்டியிராத தம்பிக்கு, சவப்பெட்டியில் வைத்து டை கட்டிக்கொண்டிருந்தார் இருதயநாதன். முடிச்சு மூன்றாம் முறையும் கோணியது.

"விடுங்கண்ணே, அவனுக்குப் புடிக்காது," என்றாள் தங்கை செல்வமேரி.

"அவனக் கேட்டுட்டா கட்டுறோம்? மேலப்புதூரே வந்து பார்க்கும்."

அப்போது ஜெகபர் சாதிக் வந்தார். இறந்துபோன பாக்கியநாதனோடு கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தவர். மாலையை வைத்துவிட்டு மெல்லச் சொன்னார்:

"சார் பேர்ல கம்ப்யூட்டர்ல நானூறு ஈமெயில் லெட்டருக்கு மேல கெடக்குங்கய்யா. பத்து நாளா ஆஸ்பத்திரியில இருந்தாரா, பார்க்க ஆளில்ல. இடம் நெறஞ்சு இப்ப யாருக்குமே லெட்டர் வந்து விழ மாட்டேங்குது. குடும்பத்துல ஒருத்தர் முன்னாடிதான் தொறக்கணுமாம். அடுத்த வாரம் வந்தா போதுங்க."

நானூறு! ஐம்பத்திரண்டு வயது, கல்யாணமாகாதவன். எவள் எழுதினாள்? ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான இருதயநாதனுக்கு வியர்த்தது. அடுத்த வாரத்துக்குள் எத்தனை பேர் படித்துச் சிரிப்பார்கள்!

"அடக்கம் நாலு மணிக்கு. இப்ப பதினொண்ணுதான். வண்டிய எடுங்க."

கறுப்புக் கோட்டோடு, எதையும் பிடிக்காமல், ஸ்கூட்டரின் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்து போனார்.

திரையில் முதல் கடிதம் பச்சை எழுத்தில் வந்தது. ஆங்கிலம். 'என் உயிரே' என்று தொடங்கி 'உன் பேட்ரிசியா' என்று முடிந்தது. நடுவில் ஏழு இலக்கணப் பிழைகள்.

"யாரு இவ?" என்றார் இருதயநாதன்.

"மெட்ராஸ் காலேஜ் பொண்ணுங்க. இது சாருக்கில்ல, நம்ம ஹாஸ்டல் பையன் விக்டருக்கு. பேரத் தப்பாப் போட்டிருக்கு. அந்தப் பேர்ல இங்க ஆளில்லன்னா லெட்டர் திரும்பிப் போயிடும். சார்தான், 'வாசல் வரைக்கும் வந்தத எப்படிய்யா தொரத்துறது'ன்னு, ஆள் தெரியாததெல்லாம் தன் பேருக்கு வந்து விழற மாதிரி கம்ப்யூட்டர்ல எழுதி வச்சாரு. தெனமும் படிச்சு, விசாரிச்சு, உரியவங்களுக்கு அனுப்புவாரு."

ஒரு மணி நேரம் ஒவ்வொன்றாகப் பார்த்தார் இருதயநாதன். பிறகு கேட்டார்:

"இதுல அவனுக்குன்னு வந்தது?"

சாதிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரெண்டு இருக்குங்க. ரெண்டும் ஆபீஸ் சுற்றறிக்கை."

அந்த இரண்டையும் முழுதாகப் படித்தார் இருதயநாதன்.

"இனிமே ஆள் தெரியாததத் திருப்பி அனுப்பிடச் சொல்லிட்டாங்க காலேஜ்ல. சார் பேர எடுத்துட்டா..."

"எவன் சொன்னான்? வாசல்ல வந்தவனத் திருப்பி அனுப்புற பழக்கம் எங்க குடும்பத்துல கெடையாது. எம்பேரப் போடுங்க."

"நீங்க ஸ்டாஃப் இல்லீங்களே..."

"நாளையிலேருந்து காலைல பத்து மணிக்கு வந்துடுறேன். சம்பளம் வேணாம். போடுங்க."

"கம்ப்யூட்டர்ல முழுப்பேரு கொள்ளாதுங்கய்யா. இங்கிலீஷ்ல எட்டெழுத்துதான்."

இருதயநாதன் பெயரைச் சுருக்கிக் கூப்பிடுகிறவன் திருச்சியில் இதுவரை பிறக்கவில்லை.

"வெட்டிக்கங்க," என்றார். "அந்தப் பொண்ணு கடுதாசிய அச்சடிச்சுக் குடுங்க. பையன் கையில நானே குடுக்கறேன். தப்பயும் திருத்தணும்."

வீடு திரும்பியதும் செல்வமேரி காதருகே வந்தாள். "என்னண்ணே, ஏதாச்சும் வில்லங்கமா?"

"நானூத்திப் பன்னண்டு கடுதாசி," என்றார், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "அத்தனையும் அவன நம்பி வந்தது."

கல்லறைத் தோட்டத்தில் சாமியார் ஜெபம் முடித்ததும், முதல் பிடி மண்ணைப் போட இருதயநாதன் குனிந்தார். ஓரமெல்லாம் துளையிட்ட கம்ப்யூட்டர் காகிதத்தில் அச்சான பேட்ரிசியாவின் கடிதம் கோட்டுப் பையிலிருந்து நழுவப் பார்த்தது. இடக்கையால் அதைப் பொத்திக்கொண்டு, வலக்கையால் மண்ணை அள்ளினார்.