பெயர் சூட்டும் மேடை

மைக்குக்கு முன்னால் என்னைத் தூக்கிப் பிடித்திருக்கும் இரண்டு கைகள், விலாவில் அழுத்தும் மோதிரம், சந்தன வாசனை, நான் வீறிட்டு அழ, அந்த அழுகை குழாய் ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கப் போய்த் திரும்பி வருகிறது, கூட்டம் கைதட்டுகிறது, இது நினைவா, அப்பா சொல்லிச் சொல்லி எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட கனவா, தெரியவில்லை, மோதிரம் மட்டும் இன்னமும் அழுத்துகிறது. அப்பா கட்சியின் கிளைச் செயலாளர், தலைவர்தான் பெயர் வைக்க வேண்டுமென்று அவர் தேதி கொடுக்கும்வரை என்னைப் பெயரில்லாமல் வளர்த்தார், அம்மா மனத்தில் ஒரு பெயர் வைத்திருந்தாள், அதை யாரும் கேட்கவில்லை, தலைவர் அந்த வருஷத்துத் தேர்தல் வெற்றியை என் பெயராக்கிவிட்டு அடுத்த குழந்தையை வாங்கினார். சின்னப் பிள்ளைக்கு அரசியல் ஆகாது என்று அன்று ஒரு வாயும் திறக்கவில்லை. பிறகு கொடித்துணியில் எனக்குப் பாவாடை தைத்தார்கள், அமைச்சர் வரும் சாலையில் வெயிலில் நிறுத்தினார்கள், மயங்கி விழுந்த பிள்ளைக்குச் சோடா கொடுத்து மறுபடி நிறுத்தினார்கள், நாங்கள்தான் நாட்டின் எதிர்காலமாம், வாயை மூடிக்கொண்டு நிற்கும்வரை.

பத்தாவது படிக்கிறேன், பஸ் எங்கள் ஊரில் நிற்பதில்லை, ஓசிப் பாஸ் பிள்ளைகளின் கையைப் பார்த்ததுமே டிரைவர் வேகம் கூட்டுகிறான், என் பெஞ்சுக்காரி சந்தனமாரி, கணக்கில் என்னைவிடக் கெட்டி, காட்டுப் பாதையில் தனியாக நடக்கப் பயந்து படிப்பை நிறுத்திவிட்டாள், நான் கிராமசபையில் எழுந்து மைக்கைப் பிடித்து, பஸ் எப்ப நிக்கும், அவ்வளவுதான் கேட்டேன். இளைஞரணிச் செயலாளர் கொம்பையா, பேரன் எடுத்த இளைஞர், மீசை மை வியர்வையில் உதட்டுக்கு இறங்க, ஏட்டி, பால்குடி மறக்கல, அதுக்குள்ள ஒனக்கு அரசியலா, போயிப் படி, என்று சிரித்தபடி மைக்கை அணைத்தார், ஊரே சிரித்தது, படிக்கப் போகத்தானய்யா பஸ்ஸு கேக்கேன் என்று நான் கத்தியது முதல் வரிசையைக்கூடத் தாண்டவில்லை. வீட்டில் அப்பா, பொம்பளப் புள்ளைக்கு என்னத்துக்கு இந்த வேல, என்றார், சட்டைப் பையில் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை, கோபப்படவும் ஆள் ஒரு தரத்தில் இருக்க வேண்டும், அருவருப்புதான் வந்தது, இன்னும் போகவில்லை.

இப்போது என் மகளுக்குப் பெயர் வைக்க மேடை போட்டிருக்கிறார்கள், ஒரே ஒரு தடவ கொண்டாம்மா, இல்லன்னா கட்சிக்காரன் மூஞ்சில முழிக்க முடியாது, என்றார் அப்பா, நான் உடனே சரி என்றதில் அவருக்கே ஆச்சரியம். கொம்பையா இன்னமும் இளைஞரணிதான். கீழே கூட்டத்தில் சந்தனமாரி, பக்கத்தில் அவள் மகள், ஏழாவதோடு வீட்டில் இருக்கிறாள், பஸ் இன்னும் நிற்பதில்லை. கொம்பையா தூக்கிப் பிடிக்கிறார், மோதிரம், சந்தனம், வீறிடுவது என் மகளா நானா, அழுகை குழாய் வழியே ஊர் முழுக்கப் போகிறது, கைதட்டல், பாப்பா இப்பவே என்னமாப் பேசுது பாத்தியளா, அரசியலுக்கு வந்துரும்போல, என்று அவர் இளிக்கிறார். நான் மைக்கை என் பக்கம் திருப்பினேன், எங்கம்மா மனசுல வச்சிருந்த பேர இவளுக்கு வச்சாச்சு, பஸ் எப்ப நிக்கும், என்று கேட்டேன். குழாய் அதையும் ஊர் முழுக்கக் கொண்டுபோனது. கொம்பையாவுக்கு மைக்கை அணைக்க வேண்டும், ஆனால் அவருடைய இரண்டு கையிலும் என் மகள் இருந்தாள்.