பூட்டு நாளில் உள்ளே போன கார்

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது என்று எழுதத் தொடங்கினேன். பொய். இது ஒரு படிவத்தில் பிறந்தது. சாட்சிப் படிவம். என் மேசையில்தான் கிடக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்குள் கையெழுத்து வேண்டும் என்று மச்சான் சொல்லியிருக்கிறார்.

முதல் தொடக்கம் இப்படி: "குதிரைப் பண்ணையின் கேட் ஒரு கொடுமைக்காரியின் வாயைப் போல..." அடித்துவிட்டேன். கேட் கேட் மாதிரிதான் இருந்தது.

2

விவரம் சொல்லாவிட்டால் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஏரிக்குப் போகிறவர்கள், சவாரி வகுப்பு இல்லாத நேரத்தில், அந்தப் பண்ணைக்குள் சவாரித் திடலை ஒட்டிக் காரை நிறுத்திவிட்டு நடப்போம். பண்ணைக்காரம்மாவின் அப்பா காலத்தில் எங்கள் நடைப்பயிற்சிச் சங்கத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். வருடத்தில் ஒரு நாள் கேட்டைப் பூட்டி, பொதுமக்களில் ஒருவரையும் உள்ளே விடக்கூடாது. அப்படிப் பூட்டும்வரை இடம் அவர்களுடையது, எங்களை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஒரு வருடம் தவறினாலும் வழியும் வண்டி நிறுத்தும் உரிமையும் நிரந்தரமாக எங்களுக்கு.

(அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: ஏரிக்கு இன்னொரு பாதை உண்டு, கரடுமுரடு. முட்டி தேய்ந்த என் மாமியாரால் முடியாது. சங்கச் செயலாளரான மச்சான் ஒற்றைக்காலில் நிற்பது தன் அம்மாவுக்காகவும்தான். அவரை வில்லனாக்கிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை.)

3

இந்த வருடப் பூட்டு நாளன்று ஒரு வெள்ளைக் கார் கேட்டை மறித்து நின்றது. அதன் உரிமையாளர், பொறுப்பில்லாத ஒரு

[வாக்கியம் இப்படியே நிற்கட்டும். கார் என்னுடையது. சாம்பல் நிறம். மூன்று வரைவுகளில் அதற்கு வெள்ளை பூசினேன்.]

எனக்கு நாள் மறந்துவிட்டது. பூட்டைப் பார்த்த எரிச்சலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தேன். ஒற்றை வண்டிப் பாதை, இருபுறமும் வாய்க்கால். எனக்குப் பின்னால் குதிரை ஏற்றும் வண்டி வந்து நின்றது. கால்நடை மருத்துவர் குதித்து இறங்கினார்.

"ஹாரன நிறுத்துங்க சார்! உள்ள ஒரு குதிரைக்குக் குடல் முறுக்கிக்கிச்சு. ஆஸ்பத்திரிக்கு ஏத்தணும். வண்டிய எடுங்க!"

"எங்க எடுக்கறது? பின்னாடி நீங்க நிக்கிறீங்களே!"

"இத ரிவர்ஸ்ல மெயின் ரோடு வரைக்கும் கொண்டுபோக அரை மணி ஆகும். அதுக்குள்ள அது செத்துடும்."

பண்ணைக்காரம்மா சாவியோடு ஓடி வந்தார். மருத்துவரை விடுவதில் சிக்கலில்லை, அந்தம்மாவே கூப்பிட்டு வந்தவர். நான் பொதுஜனம். லாயத்தில் குதிரை பலகையை உதைக்கும் சத்தம் கேட்டது.

(இங்கே அவரைத் தயங்கவைத்தால் கதைக்கு நல்லது. ஆனால் அவர் தயங்கியது கொத்தில் சரியான சாவியைத் தேடிய நேரம் மட்டும்தான்.)

"உள்ள கொண்டுவந்து ஓரமா போடுங்க. சீக்கிரம்!"

போட்டேன். வழக்கமான இடத்தில்.

4

குதிரை பிழைத்துவிட்டது. கதை இங்கேயே முடிந்திருந்தால் எவ்வளவு நிம்மதி! மறுநாள் சாப்பிடும்போது, குதிரை பிழைத்த கதையாக, மச்சானிடம் நானே உளறிவிட்டேன்.

அவர் கை சோற்றிலேயே நின்றது.

"மாப்பிள்ளை, நீங்க பொய் சொல்ல வேணாம். கேட்டத் தொறந்தாங்க, கார் உள்ள போச்சு. அத மட்டும் எழுதிக் குடுங்க."

"குதிரைக்காகத்தானே மச்சான் தொறந்தாங்க?"

"அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லையே."

பண்ணைக்காரம்மாவைப் பார்க்கப் போனேன். திடலில் ஒரு சின்னப் பெண் சவாரி பழகிக்கொண்டிருந்தாள். "இங்க நாள் முழுக்கக் கார் நின்னா பிள்ளைங்கள ஏத்த முடியாதுங்க. கதவு சாத்துற சத்தத்துக்கே குதிரை மெரளும். சவாரிப் பள்ளிய மூடிட வேண்டியதுதான்," என்றார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்படவாவது முடிந்திருக்கும்.

5

ஒரு முடிவு: உண்மையை எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். மாமியார் கடைசிவரை ஏரியைப் பார்க்கிறார். என்னால் பண்ணைக்காரம்மாவின் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

இன்னொன்று: கேட் திறக்கவே இல்லை என்று எழுதுகிறேன். அப்புறம் மச்சானின் வீட்டில்

மூன்றாவது என் தந்திரம். எல்லாவற்றையும் கதையாக எழுதிவிட்டால், யாராவது கேட்கும்போது கற்பனை என்று கைவிரித்துவிடலாம். அதற்காகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் காரின் உண்மையான நிறத்தை எழுதித் தொலைத்துவிட்டேனே.

படிவத்தில் இரண்டாம் சாட்சிக்கும் ஒரு வரி காலியாக இருக்கிறது. இவ்வளவு தூரம் படித்துவிட்டதால், கேட் திறந்ததை நீங்களும் பார்த்தீர்கள். மச்சான் உங்களிடமும் வருவார். திறந்ததா என்று மட்டும்தான் கேட்பார், ஏன் என்று கேட்க மாட்டார். நீங்கள் என்ன எழுதப் போகிறீர்கள்?