பூநகரிக் கடையின் இரண்டு மேசைகள்

கதிர்காமநாதனின் பூநகரிக் கடைக்குள் எப்போதும் இரண்டாயிரத்துப் பதின்மூன்றாம் ஆண்டுதான் நடந்துகொண்டிருந்தது. கடைக்கு வெளியே வருடங்கள் வழக்கம்போலப் போயின. வீதிக்குத் தார் போட்டார்கள், குளம் வான் பாய்ந்தது, பஸ் மட்டும் முன்போலவே நினைத்த நேரத்துக்கு வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவர்களோ அந்த ஆண்டில் எப்படி இருந்தார்களோ அப்படியே ஆனார்கள். நரைத்த தலை கறுத்தது, முழங்கால் நோ நின்றது. பல் விழுந்த கிழவர்கள் கச்சான் வாங்கி, அங்கேயே நின்று கொறித்து முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். அந்த ஆண்டுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் உள்ளே போனால் கண்ணுக்குத் தெரிவதில்லை. உடுப்பு மட்டும் வெளியே இருந்தபடியே இருக்கும் என்பதால், சின்னச் சட்டைகள் தாமாக நடந்து இனிப்புப் போத்தல் பக்கம் போவதைத் தாய்மார் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே பருப்பு நிறுக்கச் சொன்னார்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடைக் கணினியில் ஓடிய தரவுத்தளம் அந்த வருடத்துப் பதிப்பு. அதை மாற்ற ஆள் வந்த நாட்களிலெல்லாம் ஒன்றில் கறண்ட் இல்லை, அல்லது இன்ரநெற் இல்லை. பிறகு அது அப்படியே விடுபட்டுப் போயிற்று.

கதிர்காமநாதனுக்கு நான்கு கடைகள். கிளிநொச்சியில் இருந்த தலைமைக் கடை புத்தம்புதிய பதிப்பில் ஓடியது; அதற்குள் இன்றைய நாள்தான். பூவரசங்குளத்திலும் முள்ளிவாய்க்காலிலும் இடைப்பட்ட வருடங்கள் நடந்தன. இப்படி ஆளுக்கொரு வருடத்தில் நின்ற நான்கையும் ஒரே வியாபாரமாகக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தவர் கஜனி. வவுனியாவில் கணினி படித்துவிட்டு, கொழும்பில் கிடைத்த வேலையை வேண்டாமென்று சொல்லி, ஸ்கூட்டியில் ஊர் ஊராகத் திரிந்தவர். மென்பொருள் விற்ற கொழும்புக் கொம்பனி அவரிடம் ஆரம்பத்திலேயே கையை விரித்துவிட்டது. பழையது சொல்வதைப் புதியது வாசிக்கும், புதியது சொல்வது பழையதுக்கு விளங்காது, அது உலகம் முழுக்க உள்ள விதி என்றார்கள். உண்மையும் அதுதான். புதிதாக வந்த சவர்க்காரம் பூநகரிக் காசாளர் மேசையைத் தாண்டும்போது காணாமல் போய், சனம் வெறும் பையோடு வீட்டுக்குப் போனது. கஜனி இரண்டுக்கும் நடுவே ஒரு துபாசி நிரலை எழுதி வைத்தார். புதிய சாமான் ஒவ்வொன்றையும் பழையதுக்கு விளங்கும் பேச்சில் அது சொல்லிக் கொடுத்தது. பைகளில் சவர்க்காரம் தங்கியது. உலகம் முழுக்க உள்ள விதி பரந்தன் சந்திக்கு இந்தப் பக்கம் செல்லாது என்று ஆனதில் எங்கள் ஆட்களுக்கு இன்றைக்கும் பெருமைதான்.

பூநகரிக் கடையில் காசாளர் மேசையில் இருந்தவர் கமலேஸ்வரி. கடை திறந்த நாளிலிருந்து அவர்தான். சீனி வருத்தம் அவருடைய இரண்டு கண்ணையும் கொண்டுபோனபோது மகள் யதுர்ஷிகா எட்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். கணவர் அவரைச் சைக்கிளில் ஏற்றிவந்து, கையைப் பிடித்துக் கடை வாசல்வரை விடுவார். கதவுக்கு உள்ளே கால் வைத்ததும் கமலேஸ்வரிக்குக் கண் தெரியும். ஊசி நுனியில் எழுதிய விலையையும் வாசிப்பார், வரிசையில் கடைசியில் நிற்பவரின் சட்டையில் பொத்தான் கழன்றிருப்பதையும் சொல்வார். ஒரேயொரு பொல்லாப்பு இருந்தது. மகள் உள்ளே வந்தால் அவளும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளையாகிவிடுவாள். வெளியே பேச்சுக்கால் முடிந்து கலியாணத்துக்கு நாளும் வைத்தாயிற்று. உள்ளே முன்பல் விழுந்த பெட்டை, பெரிய பெண்ணின் சட்டையைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து அம்மாவிடம் சாவி கேட்டாள். வளர்ந்த மகளின் முகம் எப்படியிருக்கும் என்று அந்தத் தாய்க்குத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்ததுதான். அதை அவர் யாரிடமும் முறையிட்டதில்லை.

மகளுக்குக் கலியாணம் வைத்த வருடம் கொழும்புக் கொம்பனி பழைய பதிப்புகளை இனிக் கவனிக்கமாட்டோம் என்று அறிவித்தது. கதிர்காமநாதன் எல்லாக் கடைகளையும் ஒரே பதிப்புக்கு மாற்றத் தீர்மானித்தார். அவர் கெட்ட மனிதர் அல்லர். கமலேஸ்வரியை நினைத்து இரவுச் சாப்பாட்டைக்கூட விட்டவர். ஆனால் நான்கு கடையும் மூடுவதைவிட ஒரு மேசை இருண்டுபோவது மேல் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு கஜனியைக் கூப்பிட்டார்.

“பூநகரியில பழசையும் விட்டுப்போட்டுப் பக்கத்தில புதுசையும் வைப்பம் ஐயா,” என்றார் கஜனி.

“ஒரு கடைக்குள்ள ரெண்டு வருசமோ பிள்ளை?”

“நாலு கடையில நாலு வருசம் ஓடுதுதானே. அதைப் பாக்கிறது நான். இதையும் பாக்கிறன்.”

அப்படித்தான் வாசலோரம் இரண்டாவது மேசை வந்தது. அந்த மேசையடியில் நின்றவர்கள் இன்றைய வயதில் நின்றார்கள், நான்கு எட்டு உள்ளே நடந்தால் பழையபடி ஆனார்கள். கடை பிழைத்தது, கமலேஸ்வரியின் கண்ணும் பிழைத்தது. ஆனால் கஜனியின் மனதில் இருந்தது அதற்கும் மேலே ஒன்று. மகள் புது மேசையில் நிற்க, தாய் பழைய மேசையில் இருந்து பார்க்கவேண்டும். அதாவது, கொம்பனி சொன்ன விதிக்கு மாறாக, பழையது புதியதைப் பார்க்கவேண்டும். சவர்க்காரத்துக்குச் செய்ததை மனிதருக்குச் செய்து பார்த்தவர் அதுவரை யாருமில்லை. கஜனி மாதக்கணக்காகத் துபாசியைத் திருத்தினார். கலியாணத்துக்கு முந்திய கிழமை யதுர்ஷிகா ஒரு நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து புது மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். கமலேஸ்வரி தலையை நிமிர்த்தி நெடுநேரம் பார்த்தார்.

“சேலை நிக்குது,” என்றார். “ஆளைக் காணேல்லை.”

கஜனி எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தார். ஒரு பிழையும் இல்லை. இரண்டாம் தரமும் வெறும் சேலைதான் நின்றது. சாமான் வாங்க வந்த சனம்கூடப் பையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்து நின்றது. கமலேஸ்வரி மேசையை விட்டு எழும்பி, அந்த நீலத் துணியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

“பபா, எங்கயடி நிக்கிறாய்?”

கஜனி திரும்பிப் பார்த்தார். “அக்கா, இப்ப என்னெண்டு கூப்பிட்டனீங்கள்?”

“பபா எண்டுதான். வீட்டுப்பேர். பிறந்த நாளில இருந்து அப்பிடித்தானே கூப்பிடுறம்.”

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு இரண்டு பேர். பிறப்புப் பத்திரத்தில் சாத்திரி சொன்ன எழுத்தில் ஒன்று கிடக்கும். அது பள்ளிக்கூடத்துக்கும் அடையாள அட்டைக்கும். வீட்டிலும் ஒழுங்கையிலும் நடமாடுவது மற்றது. கடை திறந்த புதிதில் வாடிக்கையாளர் பேரையெல்லாம் கணினியில் பதியச் சொன்னபோது, கமலேஸ்வரி தன் மகளை வாயில் வந்தபடி பபா என்றே பதிந்திருந்தார். கொழும்பில் இருப்பவருக்கோ வெளிநாட்டில் இருப்பவருக்கோ அந்தப் பிழை விட வராது. புதிய பதிப்பு அடையாள அட்டையைப் பார்த்து யதுர்ஷிகா என்று எழுதியது. பழையதுக்குப் பபாவைத் தெரியும். யதுர்ஷிகா யாரோ ஒரு அந்நியப் பெண், அந்த ஆண்டில் இல்லாதவள். கஜனி சிரித்தார், உடனே கண்ணைத் துடைத்தார், பிறகு துபாசிக்குள் இரண்டு பேரும் ஒருத்திதான் என்று ஒரு வரி எழுதினார். இப்பவே பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு யதுர்ஷிகா வேண்டாமென்றாள். அம்மா முதன்முதல் பார்க்கும்போது கலியாணக் கூறைச் சேலையோடு பார்க்கட்டும் என்றாள்.

ஆவணி முகூர்த்தத்தில் தாலி ஏறியது. மண்டபத்தில் கமலேஸ்வரி நாதஸ்வரத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தார். அறுகரிசி போட்டு வாழ்த்தவும் கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போனார்கள். சடங்கு முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் வான் நேரே பூநகரிக் கடைக்கு வந்தது. தாயை முன்னால் இறக்கி, பழைய மேசையில் இருத்தினார்கள். மாப்பிள்ளை நிருஷன் பட்டு வேட்டியோடு வாசலில் ஒதுங்கி நின்றான். யதுர்ஷிகா புது மேசையடிக்கு வந்தாள். கூறை சிவப்பாக வந்தது, அதற்குமேல் கழுத்து வந்தது, கழுத்துக்குமேல் முகம் வந்தது.

கமலேஸ்வரி மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வரிசையில் முன்னால் தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு நின்ற மாயாண்டி, “ஒண்ணும் அவசரமில்லம்மா, நல்லாப் பாருங்க,” என்று சொல்லி விலகி நின்றார். கமலேஸ்வரியின் கண்ணால் தண்ணீர் ஓடியது. அது மறைக்கும்போதெல்லாம் வெடுக்கென்று துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். மகளும் அழுதாள். கஜனி கணினியைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

“கொய்யகம் மேல நிக்குதடி,” என்றார் கமலேஸ்வரி கடைசியில். “கொஞ்சம் இறக்கிக் கட்டு.”

யதுர்ஷிகா குனிந்து கூறையின் முன்மடிப்பை இறக்கிக் கட்டினாள். தாய் இன்னும் ஒருதரம் மேலிருந்து கீழே பார்த்து, இப்ப சரி என்று தலையாட்டினார். பிறகு மாயாண்டியிடம் கையை நீட்டிப் போத்தலை வாங்கினார்.